'ஊர்' என்பது ஓர் அவை

(பொழிவின் எழுத்துவடிவம்)



பழனிக்கு மேற்கே, மலையடிவாரத்து வயல்களுக்கும் கரும்புக் கொல்லைகளுக்கும் நடுவில் இருப்பது நெய்க்காரப்பட்டி. கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி வெல்லம் வார்க்கும் ஆலைக்கொட்டில்களால் அறியப்பெற்ற பேரூர் அது. பெயரைப் பாருங்கள். 'பட்டி' என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடம். அவ்விடத்தைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்புக்கும் பின்னர் அதுவே பெயராயிற்று. 'நெய்' தமிழ் என்பதற்கு எவரும் சான்று கேட்கப் போவதில்லை. (இடையில் நிற்கும் 'கார' என்னும் ஈற்றைப் பற்றி அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. அவ்வழக்கை இங்கே இழுக்க வேண்டா.)

அந்த வட்டாரத்தைச் சேர்ந்த பொருந்தல் என்னும் சிற்றூரில், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010 ஆண்டுகளில் அகழாய்வு நடத்தினார். பழங்கல்லறை ஒன்றில் தமிழ் எழுத்துப் பொறித்த மட்கலத் தாங்கியும், நான்கு கால் சாடியொன்றில் நெல்லும் கிடைத்தன. அந்நெல்லின் காலம் ஏறத்தாழக் கி.மு. 490 எனக் கணிக்கப்பெற்றது. ஆக, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தறிந்து, நெல் விளைத்து வாழ்ந்த மக்களின் நிலம் அது! அந்நிலத்தில் இன்று வாழும் தமிழன், தன் தெருவில் விளக்கு எரியவில்லையென்றால் எவரைக் கேட்பது? கேட்டால் விடை சொல்லக் கடமைப்பட்டவர் யார்?

பொழிவின் பொருள் இவ்வளவுதான். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும், சாக்கடையும் சந்தைக் குத்தகையும், சுடுகாட்டுப் பாதையுந்தான். இவை சிறியனவாகத் தோன்றலாம். எனினும் ஒரு மக்களினம் தன்னைத்தானே ஆள்கின்றதா இல்லையா என்பதைச் சென்னைக் கோட்டையில் பார்ப்பதைவிட, பேரூராட்சி அலுவலகத்து முன்திண்ணையில் பார்ப்பது தெளிவாகத் தெரியும்.

ஆயக்குடியைப் போன்றே நெய்க்காரப்பட்டியும் பாளையக்காரர் வழிவந்த 'சமீன்' ஆட்சியின்கீழ் இருந்த ஊர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் சமீன்களை ஒழித்தது. ஒழிந்த அவ்விருக்கையில் ஊர் வந்து அமர்ந்திருக்க வேண்டும். அமர்ந்ததா? 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வந்தது. பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் அச்சட்டத்தின்கீழ் அமைந்தன. 1970இல் தேர்தல் நடந்தது. அதற்கடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 1986இல்! அக்காலத்தில் வாக்குரிமை அகவை 21. 1970இல் முதன்முறை வாக்களித்த இளைஞர், மறுமுறை தம் ஊராட்சிக்கு வாக்களித்தபோது அவருக்கு அகவை 37. அதற்கும் அடுத்தது 1996இல். இடைப்பட்ட காலமெல்லாம் ஆண்டவர் யார்? பெரும்பகுதி, 'தனி அலுவலர்'. அவர் நல்லவராகவும் இருக்கலாம், திறமையுடையவராகவும் இருக்கலாம். ஆனால் அவரை ஊர் அமர்த்தவில்லை. ஊர் அவரை நீக்கவும் முடியாது.

இந்நிலை மாறவேண்டும் என்றுதான் அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அவற்றின் உயிர்நாடி. ஊராட்சிகளுக்கு 29 துறைகளும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 18 துறைகளும் அட்டவணைகளில் எழுதி வைக்கப்பெற்றன. எழுதியது எழுதியபடியே இருக்கிறது! 1996, 2001, 2006, 2011 என நான்கு முறை தேர்தல் ஒழுங்காக நடந்தது. 2016இல் அறிவிக்கப்பெற்ற தேர்தலைப் பழங்குடியினர் ஒதுக்கீடு முறையாகச் செய்யப்பெறவில்லை என்னும் வழக்கில் சென்னை உயர்முறைமன்றம் நீக்கியது. ஒதுக்கீட்டைச் செப்பஞ்செய்யச் சில திங்கள் போதும். ஆனால் பேரூர்களும் நகரங்களும் வாக்களித்த நாள் 2022 பிப்பிரவரி 19. ஐந்தாண்டுக்கு மேல், அஃதாவது ஒரு மன்றத்தின் முழு வாழ்நாளுக்கு மேல், தமிழ்நாட்டுப் பேரூர்கள் அனைத்தும் ஆளில்லா வீடுகளாய்க் கிடந்தன.

இடையில் நடந்த கூத்தொன்றையும் சொல்ல வேண்டும். 2004இல் ஓர் ஆணை பிறந்தது. 561 பேரூராட்சிகள் ஒரே நாளில் 'சிறப்புச் சிற்றூராட்சி'களாயின. 2006இல் மற்றோர் ஆணை. அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. பேரூர் எது, சிற்றூர் எது என்பதை அவ்வூர்க் குடிகளைக் கேட்டு முடிவு செய்ததாக எவரும் சொல்லவில்லை. மாட்டின்மேல் சுடுகுறி இடுவதற்கு மாட்டைக் கேட்பதில்லை அன்றோ?

2022 மார்ச்சு 2இல் புதிய உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்தனர். மார்ச்சு 4இல் தம்முள் தலைவரைத் தேர்ந்தனர். (மக்களே நேரடியாகத் தலைவரைத் தேரும் முறை 2011இல் இருந்தது, பின்னர் அதுவும் பறிபோயிற்று.) ஏப்பிரல் தொடக்கத்தில் சொத்துவரி உயர்வு வந்தது. பேரூர்களில் வீடுகளுக்கு அளவைப் பொறுத்து 25 விழுக்காடு தொடங்கி 100 விழுக்காடு வரை! இருக்கையில் அமர்ந்து ஒரு திங்கள்கூட நிறையாத மன்றங்கள், தாம் எண்ணிப் பாராத, தாம் வகுக்காத ஒரு வரி விகிதத்திற்குக் கைதூக்க வேண்டியவையாயின. ஏன் உயர்த்தினீர் என்று மாநில அரசைக் கேட்டால், நடுவணரசின் நிதிக்குழு விதித்த நெறி என்றது. தில்லி சென்னையின்மேல் ஏற்றிய சுமையைச் சென்னை நெய்க்காரப்பட்டியின்மேல் இறக்கி வைத்தது. நெய்க்காரப்பட்டி எவர்மேல் இறக்கும்? ஓட்டு வீட்டுக் கிழவியின்மேல்.

இங்குத்தான் தமிழுணர்வாளர் நின்று எண்ண வேண்டும். மாநிலத்திற்குத் தன்னாட்சி வேண்டுமென்று 1969இல் இராசமன்னார் குழு அமைந்தது. 1971இல் அது தன் அறிக்கையைத் தந்தது. 1974 ஏப்பிரலில் சட்டமன்றம் தன்னாட்சி முடிவை இயற்றியது. 2025 ஏப்பிரலில் மாநில உரிமைகளை ஆராயக் குரியன் சோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழு அறிவிக்கப்பெற்றது. நல்லது! தில்லியிடம் உரிமை கேட்பது தமிழனின் பிறப்புரிமை. இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் அதே 2025இல், சனவரி 5ஆம் நாள், திண்டுக்கல் உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சி மன்றங்கள் ஐந்தாண்டு முடிந்து கலைந்தன. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் வந்தமர்ந்தார்கள். சனவரியில் சிற்றூரின் ஆட்சியைப் பறிகொடுத்த நாடு, ஏப்பிரலில் தில்லியின் முன் தன்னாட்சி கேட்டு நிற்கிறது! மாநிலங்களை நகராட்சிகளைப் போல நடத்துகிறார்கள் என்று தில்லியைக் குறைகூறுவோர் உண்டு. நகராட்சியை எப்படி நடத்துவது என்பதை அவர்களே அறிவார்கள் போலும்!

இனிச் சொல்லுக்கு வருவோம். தனித்தமிழ் என்றாலே அகரமுதலியோடு நின்றுவிடும் ஆராய்ச்சி என எண்ணுவோர் சற்றே செவிசாய்க்க. 'கிராம சபை' என்கிறது அரசு. நகர்ப்புறத்தில் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கிய மக்கள் கூட்டத்திற்குப் 'பகுதி சபை' என்று பெயர். 'சபை' என்பது எவருடைய சொல்? வடசொல் என்பதோடு முடியவில்லை. சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள். பார்ப்பனர்க்கு அளிக்கப்பெற்ற 'பிரமதேய' ஊர்களின் அவைக்குச் 'சபை' என்று பெயர். வணிகர் அவைக்கு 'நகரம்' என்று பெயர். உழுகுடிகள் வாழ்ந்த ஊர்களின் அவைக்கு என்ன பெயர்? 'ஊர்' என்றே பெயர்! இடத்திற்கும் ஊர், அவ்விடத்தார் கூடி முடிவெடுக்கும் அவைக்கும் ஊர். 'ஊராய் இசைந்த ஊரோம்' என்னும் பொருள்படக் கையெழுத்திட்டவர்கள் அவர்கள். மண்ணும் மன்றமும் ஒரே சொல்லாய் நின்ற மொழி இது. அந்தச் சொல் கையிலிருக்க, பார்ப்பனர் அவைக்குரிய பெயரை எடுத்து உழவர் கூட்டத்தின் நெற்றியில் ஒட்டியிருக்கிறார்கள்; ஒட்டியவர்க்கும் அது தெரியாது.

உத்தரமேரூர்க் குடவோலையைக் காட்டி, 'பாரீர் தமிழர் குடியாட்சி!' என்று மேடைதோறும் முழங்குவர். பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து ஓலை எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்த முறை சிறந்ததே. ஆனால் அது சதுர்வேதிமங்கலம். அங்கே உறுப்பினராகக் கால் வேலிக்கு மேல் வரிசெலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட அகவையும், அவற்றோடு வேத அறிவும் வேண்டும். நிலமில்லாதவனும் மறையோதாதவனும் அக்குடத்தருகே செல்ல முடியாது. அதனைத் தமிழர் குடியாட்சியின் ஊற்றென்று கொண்டாடுவோர், குடத்திலிருந்து ஓலையெடுக்கும் வழக்கத்தை அகநானூற்றின் 77ஆம் பாட்டே உவமையாகக் காட்டுவதை நினைவில் கொள்ள வேண்டும். அவ்வழக்கம் சோழருக்கும் சதுர்வேதிமங்கலங்களுக்கும் மூத்தது. உத்தரமேரூரில் எடுத்துக்கொள்ளத் தக்க விதி வேறொன்றுண்டு. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் நெருங்கிய உறவினரும் மறுபடியும் குடவோலையில் பெயர் இடப்பெறார். இந்த ஒரு விதி இன்று நடைமுறைக்கு வருமாயின் எத்தனை இருக்கைகள் ஒழியும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆனால் 'ஊர்' என்னும் சொல்லையும் கண்மூடிப் போற்ற வேண்டா. அதே சோழர் கல்வெட்டில், தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், 'ஊர்நத்தம்' ஒருபுறம், 'பறைச்சேரி' மறுபுறம். சுடுகாடு தனி, 'பறைச்சுடுகாடு' தனி. ஊர் என்று கையெழுத்திட்டவர் நிலமுடையோர். அந்நிலத்தில் உழைத்தவர்க்கு அவ்வவையில் இடமில்லை. ஆயிரம் ஆண்டு கழிந்தது. ஒழிந்ததா அந்தச் சுவர்? மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பொறுப்பு ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பெற்றதைப் பொறாது, தேர்ந்தெடுக்கப்பெற்ற தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐவரையும் 1997 சூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் தலைவர் தேர்தல் முறையாக நடக்கவே விடவில்லை. 2006 அத்தோபரில்தான் அங்கே ஒடுக்கப்பட்டோர் தலைவராய் அமர முடிந்தது. தில்லி செய்யவில்லை அதனை, வடவர் செய்யவில்லை. தமிழ் பேசும் கைகளே அரிவாள் எடுத்தன. இதைச் சொல்லாமல் 'ஊர்' என்னும் சொல்லை மீட்பது, பழைய பூட்டுக்குப் புதுச் சாவி செய்வதாகும். சேரியையும் உள்ளடக்கியதே ஊர் என்று பொருள் மாற்றிய பிறகே அச்சொல் மன்றத்தின் பெயராகத் தகும். பகுதிக் கூட்டம் எவர் தெருவில் கூடுகிறது, எவர் வாசலில் பாய் விரிக்கப்படுகிறது என்பதில் அம்மாற்றம் தெரியும்.

அலுவலக மொழியைப் பற்றிச் சில. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956 திசம்பரில் இயற்றப்பெற்றது. பலகையில் 'பேரூராட்சி' என்றும் 'செயல் அலுவலர்' என்றும் அழகுதமிழ் நிற்கிறது. தெருவிலோ 'சேர்மன்', 'கவுன்சிலர்', 'பில் கலெக்டர்'. தலைவர், உறுப்பினர், வரித்தண்டலர் என்று சொன்னால் நாக்கு நோகுமா? அது ஒருபுறம் கிடக்கட்டும். பெரிய தீங்கு வேறு. 'டெண்டர்' என்றால் ஒப்பந்தக்காரர் நால்வர்க்கு மட்டும் புரிகிறது. சந்தைக் குத்தகையும் சாலை வேலையும் அந்நால்வரிடையே முடிந்துவிடுகின்றன. 'ஒப்பந்தப்புள்ளி: இன்ன தெருவுக்கு, இவ்வளவு நீளச் சாக்கடை, இவ்வளவு உருபா' என்று தமிழில் எழுதித் தெருமுனையில் ஒட்டிப் பாருங்கள். வெல்லம் ஏற்றிச் செல்லும் வண்டிக்காரரும் நின்று படிப்பார், படித்தவர் அளந்து பார்ப்பார், அளந்தவர் கேட்பார். மொழித்தூய்மை என்பது பண்டிதர் அணியும் பூணன்று. கணக்குக் கேட்பவன் கையிலுள்ள அளவுகோல்.

நவம்பர் 1, 1956இல் மொழிவழித் தமிழ்நாடு அமைந்த நாள். அதே நாளையே அரசு உள்ளாட்சி நாளாகவும் கொண்டிருக்கிறது. வேண்டுமென்றே இணைத்ததோ, தற்செயலோ, பொருத்தம் நன்று. அந்நாளில் கூடும் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்பலாம். கடந்த ஆண்டு தண்டிய வரி எவ்வளவு? எந்தத் தெருவில் எவ்வளவு செலவாயிற்று? இக்கூட்டத்தின் பெயரை 'ஊரவை' என்று குறிப்பேட்டில் எழுதுவதற்குத் தடை என்ன?

2022இல் பொறுப்பேற்ற பேரூராட்சி மன்றங்களுக்கு 2027 மார்ச்சில் ஐந்தாண்டு நிறைகிறது. அதற்குமுன் தேர்தல் நடத்த வேண்டுமென்று பழனி வட்டத்துப் பேரூர்கள் நான்கிலும், அஃதாவது நெய்க்காரப்பட்டி, ஆயக்குடி, பாலசமுத்திரம், கீரனூரில், பகுதிதோறும் கையெழுத்து வாங்குங்கள். ஊரிலும் வாங்குங்கள்; சேரியிலும் வாங்குங்கள்; ஒரே தாளில் வாங்குங்கள். முறையீட்டை நல்ல தமிழில் எழுதி, மாநிலத் தேர்தல் ஆணையத்திற்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் ஒப்புகை அட்டையுடன் விடுத்து, ஒரு படியைப் பேரூராட்சி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நாளிட்ட கையொப்பம் வாங்கி வாருங்கள்.