தெரியாமல் சொன்ன ‘கேன்’

‘சிறிய சொல், பெரிய பொருள்’ என்பது இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லை எடுத்து வந்திருக்கிறேன். அதுதான் ‘கேன்’.

சிங்கப்பூரில் இந்தச் சொல் இல்லாமல் நமக்குப் பொழுது போகாது. கோப்பிக் கடையில் “சீனி குறைச்சலா, கேன்?” என்று கேட்கிறோம். “கேன், கேன்” என்று பதில் வருகிறது. “கேன் லா” என்றால் கவலைப்படாதே என்று பொருள். “கேன் மே?” என்றால் சந்தேகம். மலாயில் ‘போலே’ என்று சொல்லும் இடத்திலெல்லாம் நாம் ‘கேன்’ போட்டுக்கொள்கிறோம்.

பேரங்காடிக்குப் போனால் ‘கேன்’ ஒரு டின். இது அந்தக் ‘கேன்’ அல்ல. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. பழைய ஆங்கிலத்திலேயே பாத்திரத்துக்கு இப்படி ஒரு பெயர் இருந்தது. 1810ல் பீட்டர் டுராண்ட் என்பவர், உணவைத் தகர டப்பாவில் அடைத்துக் கெடாமல் வைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அமெரிக்கர்கள் அந்த டப்பாவைக் ‘கேன்’ என்றார்கள். அவர்களுடைய பேச்சு வழக்கில் சிறைக்கூடமும் ‘கேன்’. வேலையிலிருந்து நீக்குவதும் ‘கேன்’. எங்கள் துறையில் படப்பிடிப்பு முடிந்தால் “இன் த கேன்” என்போம். அந்தக் காலத்தில் படச்சுருளைத் தகர டப்பாவில் போட்டு மூடினார்கள். சுருள் போய்விட்டது, சொல் மிஞ்சியிருக்கிறது.

இனி, ‘முடியும்’ என்று பொருள்படும் ‘கேன்’. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலம் ‘குன்னன்’. அதற்கு முதற்பொருள் ‘முடிவது’ அல்ல, ‘அறிவது’! இன்று தந்திரத்தைக் குறிக்கும் ‘கன்னிங்’ என்ற சொல்லும் அதே குடும்பம்தான். அதற்கும் முன்பு ‘அறிவு’ என்றே பொருள். நமக்கு இது புதிதல்ல. “நீந்தத் தெரியுமா? சமைக்கத் தெரியுமா?” என்றுதானே தமிழிலும் கேட்கிறோம்!

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. படைப்பாளராக வந்த புதிதில் தயாரிப்பாளர் ஒருவர், “தீபாவளிக்கு நேரடி ஒளிபரப்பு. நீங்க செய்றீங்களா, கேன்?” என்று கேட்டார். “கேன்!” என்றேன். டிப்ளோமா படித்த தைரியம். பேட்டி எடுத்துக்கொண்டே, காதில் மாட்டிய கருவியில் இயக்குநர் சொல்வதையும் கேட்டு நடக்க எனக்குத் தெரியாது.

அன்று ஒரு பெரியவர், மறைந்த தம் மனைவி கடைசித் தீபாவளிக்குச் சுட்ட முறுக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் காதில் “பத்து, ஒன்பது...” என்று எண்ணத் தொடங்கினார்கள். பதறிப்போய், “நன்றி ஐயா, இப்போது ஓர் இடைவேளை” என்று பாதியில் வெட்டிவிட்டேன். அவர் திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டார். இடைவேளைக்குப் பிறகு அவருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. அந்த மீதி வாக்கியம் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிகழ்ச்சி முடிந்ததும் மூத்த ஒளிப்பதிவாளர் அண்ணன் ஒருவர் வந்தார். “ஏம்மா, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒத்திகையிலேயே சொல்லிக் கொடுத்திருப்பேனே?” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மேலதிகாரி வேலை கொடுத்தாலும், மருத்துவர் மருந்து சாப்பிடும் முறையை விளக்கினாலும், நம் வாயில் முந்திக்கொண்டு வருவது ‘கேன்’தான். தெரியாது என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்ற பயம். அந்தச் சொல் பிறந்தபோது அதற்குப் பொருள் ‘அறிவேன்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். அடுத்த முறை சொல்வதற்குமுன் ஒரு விநாடி நின்று, உண்மையிலேயே தெரியுமா என்று நம்மையே கேட்போம். தெரியாவிட்டால், “தெரியாது, சொல்லிக் கொடுங்கள்” என்போம்.

கேன்?