தானிய வியாபாரி தூதரான கதை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வியாபாரத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். என் கதை எதற்கு? என்னைவிடப் பெரிய வியாபாரி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

டேவிட் பிரான்சிஸ், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துத் தானிய வியாபாரி. அந்த ஊர் மேயர், பிறகு மிசௌரி மாநில ஆளுநர். 1904-ல் நடந்த உலகக் கண்காட்சியின் தலைவரும் அவரே. 1916-ல் ஜனாதிபதி வில்சன் அவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார். வயது 65. ரஷ்ய மொழி தெரியாது. புதிதாக ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டு வரவேண்டும், அதுதான் வேலை. ஒப்பந்தம் கிடைக்கவில்லை, புரட்சி வந்தது!

அப்போது பெட்ரோகிராடு நகரில் ரொட்டிக்கு நீண்ட வரிசை. போருக்கு முன் உலகத்துக்கே கோதுமை விற்ற நாடு அது. நாட்டில் தானியம் இல்லாமல் இல்லை. ரயில்கள் போருக்கே ஓடின. பணத்தின் மதிப்பு விழுந்ததால் விவசாயி தானியத்தை விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டான். 1917 மார்ச் 8, மகளிர் தினத்தன்று பெண்கள் ரொட்டி கேட்டு வீதிக்கு வந்தார்கள். ஏழே நாளில் ஜார் முடி துறந்தார்.

பிரான்சிஸ் சுறுசுறுப்பாகத்தான் இருந்தார். மார்ச் 22-ல் புதிய இடைக்கால அரசை முதலில் அங்கீகரித்த நாடு அமெரிக்கா. மே மாதம் 10 கோடி டாலர் கடனும் வந்தது. ஆனால் சிப்பாய் கேட்டது சமாதானம், விவசாயி கேட்டது நிலம். அரசோ போரைத் தொடர்ந்தது. நவம்பரில் போல்ஷ்விக்குகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களும் நீடிக்க மாட்டார்கள் என்றே தூதர் நம்பினார்.

ஏன் அப்படி? கடன் கொடுத்தவனுக்குக் கடன்காரன் எப்பவும் நல்லாத்தான் தெரிவான். இது என் அனுபவ அபிப்பிராயம்.

தூதருடைய பணியாளர் பிலிப் ஜோர்டான், கறுப்பினத்தவர். சந்தைக்குப் போய்ப் போய்ப் பேச்சு ரஷ்யனைப் பிடித்துக்கொண்டார். தெருவில் நடந்ததை ஊருக்குக் கடிதங்களாக எழுதினார். ஒரே வீடு, இரண்டு ஜன்னல்!

அதற்காகத் தொழில்முறைத் தூதர்தான் உசத்தி என்று சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் தூதர் புக்கானன், மக்கள் நம்பிக்கையைத் திரும்பப் பெறுங்கள் என்று 1917 ஜனவரியிலேயே ஜாரிடம் நேரில் சொன்னார். ஜார் கேட்கவில்லை. பிரான்சிஸிடமும் துணிச்சல் இருந்தது. 1918-ல் தலைநகரைவிட்டு வெளியேறியபோதும் நாட்டைவிட்டுப் போகாமல் வோலோக்டாவில் தங்கினார்.

மாணவர்களே, நாளைக்கு நீங்கள் கடை வைக்கலாம், கலெக்டர் ஆகலாம், வெளிநாடும் போகலாம். எங்கே போனாலும் அந்த ஊர் பாஷையில் அரிசி விலை கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள். வரிசையில் நிற்கிறவரிடம் ரெண்டு வார்த்தை பேசுங்கள். மேசைக்கு வரும் அறிக்கை அப்புறம்தான்.