உப்பும் மிளகும்



வாணிகம் எதனால் பிறக்கிறது என்னும் வினாவிற்குப் பொருளியலார் கூறும் விடைகளுள் எளியது ஒன்று: நிலங்கள் ஒன்றுபோல் இராமையே வாணிகத்தின் தாய். ஓரிடத்தில் மிகுந்து கிடப்பது பிறிதோரிடத்தில் அரிதாகிறது; மிகுதிக்கும் குறைவிற்கும் இடையில் ஒரு வழி உண்டாகிறது. இந்த அடிப்படையைத் தமிழ் மரபு திணைப் பாகுபாட்டிலேயே உணர்ந்திருந்தது. உணவையும் தொழிலையும் கருப்பொருளுள் அடக்கி, நிலத்தோடு இணைத்தே கூறியது தொல்காப்பியம்.

நெய்தலில் உப்பு விளைந்தது. மருதத்தில் நெல் விளைந்தது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடந்தவர் உமணர். அம்மூவனாரின் அகநானூற்றுப் பாடலில் (140) உமணர் மகள் நெல்லுக்கு உப்பை மாற்றாகக் கூறிச் சேரியில் விற்கிறாள். பெரும்பாணாற்றுப்படையில் கைக்குழந்தையோடு ஒருத்தி உப்பு வண்டியின் எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று உமணர் வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டி வைத்தனர். அதனை ஔவையார் புறநானூற்றில் (102) உவமையாக்கினார். போக்குவரத்து இடர், அதற்கான முன்னேற்பாடு, பண்டமாற்று, பெண்ணின் உழைப்பு ஆகிய யாவும் இப்பாடல்களில் உள்ளன.

இனி மிளகிற்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது. மேலைச் சரிவில் மழை கொட்டுகிறது. அந்த ஈரத்தில் மிளகுக்கொடி செழிக்கிறது. எகிப்திலிருந்து ஜூலைத் திங்களில் புறப்பட்ட யவனக் கலங்களைச் சேரநாட்டுக் கரைக்குக் கொணர்ந்ததும் அதே காற்றுதான். விளைபொருளையும் அதனை வாங்க வந்த கலத்தையும் ஒரே காற்று தந்தது. காற்று திசைமாறும் வடகிழக்குப் பருவத்தில் கலங்கள் திரும்பின. முசிறி செழித்தது இவ்வகையால்தான்.

ஆயினும் இயற்கை வளம் இருக்கும் இடமும் செல்வம் சேரும் இடமும் ஒன்றாதல் அரிது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவிற்குச் செல்வதாகக் கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி வருந்தினார். அவரே, இந்தியப் பண்டங்கள் உரோமில் அடக்கவிலையைப் போல் நூறு மடங்கிற்கு விற்கப்பட்டன என்றும் எழுதினார். அவருடைய முதற்கூற்றைப் பெருமையோடு எடுத்துரைப்போர் பலர். இரண்டாவதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அந்த இடைவெளியில் நிகழ்ந்ததைக் காட்டும் சான்று ஒன்று வியன்னாவில் உள்ளது. அது 1985-இல் பதிப்பிக்கப்பெற்ற, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு. அதன் ஒரு பக்கம் முசிறிப் பயணத்திற்கான கடன் ஒப்பந்தத்தைச் சார்ந்தது. மறுபக்கம் எர்மபொல்லோன் என்னும் கலத்தின் சரக்கு மதிப்பைக் கணக்கிடுவது. உரோம அரசு இறக்குமதிக்கு நான்கில் ஒரு பங்கை வரியாகக் கொண்டது. கடன் கொடுத்தவன், கலம் உடையவன், ஒட்டகத்தில் சுமை ஏற்றியவன், வரி கொண்ட அரசு என மிளகின் விலை வழிநெடுகப் பெருகியது.

அகநானூறு 149-ஆம் பாடலும் புறநானூறு 343-ஆம் பாடலும் முசிறியைப் பாடுகின்றன. அவற்றில் கலமும் பொன்னும் மிளகும் வருகின்றன. மலையில் மிளகு பறித்த கை வரவில்லை. உப்பு வணிகத்தில் உழைப்போரின் முகம் தெரிகிறது. மிளகு வணிகத்தில் மறைந்துவிடுகிறது. வழி நீள நீள, விளைவித்தவர் கண்ணுக்குத் தெரியாமற் போவது நெடுந்தொலை வாணிகத்தின் இயல்பு. இன்றைய தேயிலைக்கும் காப்பிக்கும் இது பொருந்தும்.

வளம் நிலைத்த காப்புமன்று. மிளகின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனால் இந்நூற்றாண்டில் மிளகு ஏற்றுமதியில் முதலிடம் பெற்றது வியட்நாம். கொடி பெயர்ந்தது, சந்தையும் உடன் பெயர்ந்தது.

முசிறியின் பொன்னைப் பாடும் கவிதைகள் தமிழில் மிகுதி. பழம்பெருமை பேசுவது தவறன்று. ஆனால் அது கணக்கில் பாதியே. மீதிப் பாதி, அப்பொன்னில் மலைவாழ் உழைப்பாளிக்கு எவ்வளவு சென்றது என்னும் கேள்வி. குழந்தையோடு உப்பு வண்டி ஓட்டியவளைக் கண்ட மரபிற்கு அக்கேள்வி புதியதன்று. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வமைப்பின் கவிஞர்கள், மிளகு பறித்த கையையும் பாடுவார்களாக.