கணக்குச் சொன்னவனுக்கே ஓலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"படிச்ச காலத்து நினைவு ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். படித்த காலம் என்றாலே எனக்கு வகுப்பறைக்கு முன்னால் என் தாத்தாவும் ஆயாவும்தான் வந்து நிற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆகவே அவர்களைப் பற்றியே பேசுகிறேன். அதில் என்னுடைய தப்பு ஒன்றும் இருக்கிறது. மேடையில் சொல்ல வெட்கம்தான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். நான் படிக்கும்போது அது செங்கல்பட்டு மாவட்டம். 1997-க்குப் பிறகுதான் காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது. எங்கள் வீட்டில் தாத்தா, ஆயா, பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அவரவர் பிள்ளைகள் என்று 17 பேர். நிலம் நாலு காணி. ஏரி நிரம்பினால் சம்பா, நிரம்பாவிட்டால் கிணற்றை நம்பி வேர்க்கடலை. ஒரே உலை, ஒரே குதிர்.

உத்திரமேரூர் என்றதும் உங்களுக்கு நினைவு வருவது குடவோலைக் கல்வெட்டாகத்தான் இருக்கும். வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஆள் இப்படித்தான் தேர்ந்தார்கள். பதவி 360 நாள்தான்.

என் தாத்தா நாலாவது வரைதான் படித்தவர். அந்தக் கல்லெழுத்தை அவரால் படிக்க முடியாது. யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னதைக் கேட்டு வந்து, வீட்டிலும் அதையே நடத்தினார். வருஷா வருஷம் காணும் பொங்கல் அன்று மூன்று பிள்ளைகள் பெயரையும் பனை ஓலை நறுக்கில் எழுதி, மண் குடத்தில் போடுவார். வீட்டிலேயே சின்னக் குழந்தை கையை விட்டு ஒன்றை எடுக்கும். எடுத்த ஓலையில் யார் பெயரோ அவர் கையில்தான் அந்த வருஷத்து வரவு செலவு. விதை நெல், எரு, மாட்டுத் தீவனம், கலியாணச் செலவு, எங்கள் படிப்புச் செலவு எல்லாம். அடுத்த காணும் பொங்கலில் அவர் எல்லாரும் கேட்கக் கணக்கை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தபின் அந்த ஆளின் பெயர் ஒரு வருஷம் குடத்தில் விழாது.

நான் 1981-ல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். அடுத்த வருஷம் ஐப்பசியில் விடுதிப் பாக்கியும் பரீட்சைக் கட்டணமுமாக 150 ரூபாய் தேவைப்பட்டது. அந்த வருஷம் வீட்டில் காசு இல்லை. ஆயா தன் கம்மலைக் கழற்றி அடகு வைத்து, அந்த ரூபாயை முந்தானையில் முடிந்து வந்து என் கையில் கொடுத்தாள். "பத்திரமா கட்டிடு ராசா" என்றாள். அவ்வளவுதான்.

நான் கட்டவில்லை. நண்பர்களோடு சென்னைக்குப் போனேன். சினிமா, ஓட்டல், ஒரு புதுச் சட்டை. மூன்று நாளில் பணம் தீர்ந்துவிட்டது. விடுதியிலிருந்து வீட்டுக்குக் கார்டு போனது. அப்பா எங்கேயோ கடன் வாங்கிக் கட்டினார்.

தாத்தா என்னை அடிப்பார் என்று பயந்துகொண்டே பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காணும் பொங்கல் அன்று ஓலை எழுதினார். அந்த வருஷம் முறைப்படி பெரியப்பா பெயரும் அப்பா பெயரும் விழ வேண்டும். தாத்தா ஒரு ஓலைதான் எழுதினார். அதில் பெரியப்பா பெயர். அப்பா பெயர் இல்லை. அப்பா எதுவும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துப் பக்கம் போய்விட்டார். அம்மா அடுப்பங்கரையில் அழுதாள்.

எனக்குத் தாங்கவில்லை. "தப்புப் பண்ணது நான். அப்பா பேரை ஏன் எடுத்தீங்க தாத்தா?" என்று கேட்டேன்.

"கல்லுல அப்படித்தான்டா வெட்டியிருக்கு. கணக்குக் குடுக்காதவன் பேரு குடத்துல விழாது. அவன் அப்பன் பேரும் விழாது" என்றார்.

கிழவர் தன் இஷ்டத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கல்லூரிக்குத் திரும்பியதும் நூலகத்தில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். தாத்தா சொன்னது சத்தியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமன், மைத்துனன், மருமகன் யாரும் வர முடியாது. ஒருவன் செய்கிற தப்பு அவனோடு நிற்பதில்லை, உறவு முழுக்கச் சுமக்கிறது என்பதை அந்த நூலகத்தில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

அதே புத்தகத்தில் வேறொன்றும் பார்த்தேன். கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் இருந்தால்தான் அந்தச் சபையில் இடம். எங்கள் முன்னோர் பெயர் அந்தக் குடத்தில் ஒருநாளும் விழுந்திருக்காது. பெண்கள் பெயருக்கும் அதில் இடமில்லை. தன்னைச் சேர்க்காத குடத்திலிருந்து தாத்தா நல்ல விதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கோடை விடுமுறையில் பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கப் போனேன். கூலி நாளுக்கு 5 ரூபாய். 30 நாள். கம்மலை மீட்க ஆயாவிடம் 150 ரூபாயைக் கொடுத்தேன். 1984 காணும் பொங்கலில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று என் கணக்கை வாசித்தேன். சட்டை 62, ஓட்டல் 31, பஸ் 18, சினிமா 9, நண்பனுக்குக் கொடுத்துத் திரும்பி வராதது 30. ஆக 150. வாசிக்கும்போது குரல் நடுங்கியது. தாத்தா தலையை ஆட்டிவிட்டு, அப்பா பெயரை எழுத ஓலையை எடுத்தார்.

அப்போது ஆயா பேசினாள். ஆண்கள் நடுவில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

"எல்லார் கிட்டயும் கணக்குக் கேக்கறியே, கம்மல் என்துதானே? இத்தனை வருஷத்துல என் பேரை ஒருதரம் அந்தக் குடத்துல போட்டியா?"

வீடே அமைதியாகிவிட்டது. தாத்தா ரொம்ப நேரம் ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கத்தியை நீட்டி, "இன்னும் நாலு நறுக்குடா" என்றார். ஆயா, பெரியம்மா, அம்மா, சித்தி. அந்த வருஷம் குழந்தை கையில் வந்தது பெரியம்மா பெயர். அவளுக்கு எழுதத் தெரியாது. எட்டாவது படித்த தங்கைதான் கணக்கு எழுதினாள். தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு 1996-ல் வந்தது. எங்கள் வீட்டுக் குடத்தில் அதற்கு 12 வருஷம் முன்பே வந்துவிட்டது.

இன்று தாத்தாவும் இல்லை, ஆயாவும் இல்லை. வீடு பாகம் பிரிந்துவிட்டது. என் பங்குக்கு வந்தது கொஞ்ச நிலம்தான். ஆனால் காணும் பொங்கல் அன்று நானும் என் மனைவியும் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து எங்கள் கணக்கை வாசிக்கிறோம். பெங்களூரில் இருக்கும் பேத்தி போனிலேயே கேட்கிறாள். "தாத்தா, மருந்துக்கு இவ்ளோ ஆச்சா?" என்று போன பொங்கலில் கேட்டாள். பதில் சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும்!

தம்பி தங்கைகளே, நீங்கள் இந்த வளாகத்தில் உட்கார்ந்து படிக்க, உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு கம்மலைக் கழற்றியிருப்பார்கள். அது உங்களுக்குத் தெரியாமலேகூட இருக்கலாம். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தாத்தா பாட்டி பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பணத்தை என்ன செய்தீர்கள், நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். நீங்களாகத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களான நமக்கும் ஒரு வார்த்தை. நாமும் இளையவர்களுக்குக் கணக்குச் சொல்லப் பழகிக்கொள்வோம்.

என் கணக்கை வாசித்து முடித்துவிட்டேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.