மீட்க வேண்டியது மண்ணை, பழைய ஊரை அல்ல



'மீளுருவாக்க வேளாண்மை' என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். விஷயம் எளிமையானது. மண்ணை வெறுமையாகப் போடாதே. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப விதைக்காதே. பயறு வகைகளைச் சேர். மட்கக்கூடியதை மண்ணுக்கே திருப்பிக் கொடு. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் இதைப் பேசுகிற பலர் அடுத்த வரியிலேயே "முன்னோர் வாழ்வுக்குத் திரும்புவோம்" என்கிறார்கள். நான் நிலமற்ற கூலிக் குடும்பத்துப் பிள்ளை. முன்னோர் வாழ்வு என்றதும் எங்களுக்குப் பண்ணையாள் வேலைதான் நினைவுக்கு வரும். சாணத்தின் மகிமையைப் பேசியவர் ஒருவர். அதைக் கூடையில் சுமந்தவர் இன்னொருவர்.

அதனால், இந்த வேளாண்மைக்கு இருக்கும் வேறொரு வரலாற்றைச் சொல்கிறேன். ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் கல்வி நிலையத்திலிருந்து உருவாக்கிய வரலாறு அது.

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர். அயோவா வேளாண் கல்லூரியில் படித்து 1896இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு புக்கர் டி. வாஷிங்டன் அழைக்க, அலபாமாவில் கறுப்பின மக்களுக்காக நடந்த டஸ்கிகீ கல்வி நிலையத்துக்கு வந்தார். வேர்க்கடலையிலிருந்து ஏராளமான பொருட்கள் செய்தவர் என்று அவரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைவிடப் பெரிய வேலையை அவர் மண்ணில் செய்தார்.

பருத்தி, பருத்தி, மறுபடியும் பருத்தி என்று விதைத்து அந்த மண் செத்துக் கிடந்தது. கார்வர் காராமணி, வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று பயிரை மாற்றிப் போடச் சொன்னார். காராமணி, கடலையின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. கடனுக்கு உரம் வாங்கிச் சிக்கிக்கொள்ளாதீர்கள், காட்டில் உதிர்ந்த இலையையும் சதுப்பு நிலத்துச் சேற்றையும் மட்க வைத்துப் போடுங்கள் என்றார். ஏழை உழவர் காசில்லாமல் எதைச் செய்ய முடியும் என்பதிலிருந்தே அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது.

அந்த அறிவு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதும் முக்கியம். எளிய மொழியில் சிறு வெளியீடுகள் எழுதினார். பயிர் செய்யும் முறையோடு சமையல் குறிப்பும் அதில் இருக்கும். கல்லூரிக்கு வர முடியாதவர்களுக்காக 1906இல் 'ஜெசப் வண்டி' புறப்பட்டது. கோவேறு கழுதைகள் இழுத்த அந்த வண்டியில் கருவிகளும் விதைகளும் ஏற்றிக்கொண்டு போய், உழவரின் வயலிலேயே செய்து காட்டினார்கள். பல்கலைக்கழகம் ஊருக்குள் போனது.

அரசு என்ன செய்தது? 1887ஆம் ஆண்டின் ஹேட்ச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேளாண் ஆய்வுக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் கிடைத்தது. அலபாமாவில் அது வெள்ளையர் கல்லூரிக்குப் போனது. டஸ்கிகீ ஆய்வு நிலையத்துக்கு மாநிலம் ஒதுக்கியது 1,500 டாலர். 1914இல் விரிவாக்கப் பணிக்கென்று ஸ்மித்-லீவர் சட்டம் வந்தபோது, பணம் எந்தக் கல்லூரிக்கு என்பதை மாநிலச் சட்டமன்றங்களே முடிவு செய்தன. தென் மாநிலங்கள் வெள்ளையர் கல்லூரிகளிடமே அதைக் கொடுத்தன.

இதைவிடப் பெரிய சுவர் ஒன்று இருந்தது. அந்த உழவர்களில் பெரும்பாலோர் குத்தகை, வாரத்துக்கு உழுதவர்கள். கடன் கொடுத்தவர் பருத்திதான் கேட்டார். நில உடைமையாளர் வாசல்படி வரை பருத்தி போடச் சொன்னார். காராமணியின் நன்மை உழவருக்குத் தெரிந்திருந்தாலும் விதைக்கும் உரிமை அவரிடம் இல்லை. அடுத்த ஆண்டு அந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் எந்த நம்பிக்கையில் மண்ணுக்கு உரமேற்றுவார்? கார்வரின் அறிவியல் இந்தச் சுவரில்தான் மோதி நின்றது. அந்த நில உறவை எதிர்த்து அவர் போராடவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1920இல் அமெரிக்காவில் சுமார் 9.25 லட்சம் கறுப்பின உழவர்கள் இருந்தார்கள். இன்று 50 ஆயிரத்துக்கும் குறைவு.

இப்போது நம் கதைக்கு வருவோம். 1892இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். குத்தகைதாரர்களைப் பதிவு செய்ய 1969இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இன்றும் வாய்வார்த்தைக் குத்தகைதான் ஏராளம். சிட்டா, அடங்கல் கேட்கும் திட்டங்கள் இவர்களைத் தாண்டிப் போய்விடுகின்றன. நாற்று நடுகிற, களை பறிக்கிற பெண்களுக்கோ 'விவசாயி' என்ற பெயர்கூடக் கிடைப்பதில்லை. இரசாயனக் களைக்கொல்லியை நிறுத்தினால் கைக்களைதான் எடுக்க வேண்டும். அந்த உழைப்பு யாருடையது, அதற்குக் கூலி என்ன என்று சொல்லாத மீளுருவாக்கம் யாருக்கானது?

வேளாண் கல்லூரிகளில் படிக்கும் தோழர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். பயிற்சிக்கு ஆள் சேர்க்கும்போது பட்டா யாரிடம் என்று பார்க்காதீர்கள், வேலை செய்கிறவர் யார் என்று பாருங்கள். கூலி வேலை முடிந்த மாலையில் சேரியில் வகுப்பு எடுங்கள். பகலில் எடுத்தால் அன்றைய கூலியைக் கொடுக்கச் சொல்லுங்கள். மண் தேறச் சில ஆண்டுகள் ஆகும் என்று உங்கள் ஆய்வேட்டில் எழுதுவீர்கள் அல்லவா? அத்தனை ஆண்டுக்கு எழுத்துப்பூர்வமான குத்தகை வேண்டும் என்றும் அதிலேயே எழுதுங்கள். பஞ்சமி நில மீட்பை வேறு யாரோ நடத்தும் போராட்டமாகப் பார்க்காதீர்கள். அதுவும் உங்கள் மண் ஆய்வின் ஒரு பகுதிதான்.

மண்ணில் உயிர் திரும்பட்டும். அதோடு, அந்த மண்ணில் உழைக்கிறவர் கைக்கு நிலமும் வந்து சேரட்டும்.