அன்னை அழகம்மையார்
(திருவண்ணாமலையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருட் பலர் தத்தம் குடிவழியை எழுதிவைக்கும் நல்வழக்கம் உடையர். அவ்வேடுகளிற் சிலவற்றை யாம் பார்த்ததுண்டு. பாட்டன், பூட்டன் பெயர்கள் முறையாக நிற்கின்றன. நிலம் வாங்கிய ஆண்டும் கிணறு வெட்டிய ஆண்டும் குறிக்கப்பட்டுள்ளன. ஆயின், அப்பாட்டனுக்கு நாள்தோறும் சோறு வடித்திட்ட பாட்டியின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. 'மனைவி' என்னும் ஒரு சொல்லோடு அவர் வரலாறு முடிந்துவிடுகின்றது. இக்குறையை நினைக்குந்தோறும், இம்மலையடியில் கோயில் பெற்று விளங்கும் ஓர் அன்னையின் நினைவு எமக்கு எழுகின்றது. அவரைப் பற்றியே இன்று சில சொல்லப் புகுந்தோம்.

அவர் ரமண மகரிஷிகளைப் பெற்ற அழகம்மையார். திருச்சுழியில் வக்கீல் தொழில் புரிந்த சுந்தரமையரின் வாழ்க்கைத் துணைவியார். நாகசாமி, வேங்கடராமன், நாகசுந்தரம் என்னும் மூன்று புதல்வரும், அலமேலு என்னும் புதல்வியும் அவர் மக்கள். 1892-ஆம் ஆண்டிற் கணவர் காலமானார். குடும்பம் பிரிந்தது. மூத்த புதல்வர் இருவரும் மதுரைக்குச் சிற்றப்பன் இல்லம் சென்றனர். அம்மையார் இளைய மக்களோடு மானாமதுரையிற் கொழுந்தன் ஆதரவில் வாழலாயினார்.

1896 ஆகஸ்டு 29-ஆம் நாள் இரண்டாம் மகன் வேங்கடராமன் ஒருவரிடமும் சொல்லாது மதுரையை விட்டு இவ்வூருக்கு வந்துவிட்டார். மகன் இருக்குமிடம் தாய்க்குத் தெரிய நெடுநாள் ஆயிற்று. 1898-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் மூத்த மகனோடு பவழக்குன்றுக்கு வந்தார். தின்பண்டங்களைக் கொடுத்து, நாள்தோறும் அழுது, வீட்டுக்கு வருமாறு வேண்டினார். மௌனத்திலிருந்த மகன், யாவும் ஊழின்படியே நிகழும் என்னும் கருத்துப்பட எழுதிக் காட்டினாரேயன்றி எழுந்து வந்தாரல்லர். அன்று அத்தாய் மலையிறங்கிய துயரத்தைத் தாய்மார்களாகிய நீங்களே அறிவீர்கள்.

துன்பம் அதனோடு நிற்கவில்லை. 1900-இல் மூத்த மகன் இறந்தார். திருச்சுழி வீடு கடனுக்காக விலைப்பட்டது. ஆதரித்த கொழுந்தனும் காலமானார். 1915-இல் இளைய மருமகளும் இறந்தார். இனிப் புகலிடம் யாது? 1916-இல் அம்மையார் வீடில்லாத மகனையே வீடாகக் கொண்டு மீண்டும் இவ்வூர் வந்தார்.

வந்தவர் முதலில் தங்கியது எச்சம்மாள் இல்லத்தில். மண்டகொளத்தூரைச் சேர்ந்த அவ்வம்மை, கணவனையும் மக்களையும் அடுத்தடுத்து இழந்து, 1907-இல் இங்கு வந்து ஆறுதல் பெற்றவர். 1945-இல் மறையுமளவும் மகரிஷிகளுக்கு உணவு கொண்டுசென்று படைத்தலையே நோன்பாகக் கொண்டவர். குடும்பம் இழந்த இருவர் ஒரு கூரையின்கீழ்க் கூடியதை எண்ணின் நம் உள்ளம் உருகுகின்றதன்றோ?

பின்னர் அம்மையார் மலைமேல் விரூபாக்ஷ குகையிலும், அதன்பின் ஸ்கந்தாச்சிரமத்திலும் மகனோடு வாழ்ந்தார். அதுவரை அன்பர் கொணர்வதும் அடியார் ஊருக்குட் சென்று இரந்து பெறுவதுமே அங்கு உணவு. அம்மையார் அடுப்பு மூட்டினார். முதலிற் சோறு, பின் ஒரு கறி, பின் அப்பளம். சிறிது சிறிதாகக் குகை வீடாயிற்று. ஒருநாள் அப்பளம் இடுதற்கு மகனைத் துணைக்கு அழைக்க, அவர் அப்பள வேலையையே ஞானநெறிக்கு உவமையாக்கி ஒரு பாட்டுப் புனைந்து தந்தார். அதுவே 'அப்பளப் பாட்டு' என வழங்குகின்றது.

அம்மையார் ஆசாரத்தில் மிக்க பற்றுடையவர். இன்னார் தொட்டால் தீட்டு, வெங்காயம் ஆகாது என்றெல்லாம் கருதியவர். மகன் கடிந்துரைத்தாரல்லர், வெங்காயமன்றோ முத்திக்குப் பெருந்தடை என நகைத்தே அப்பற்றைத் தளர்த்தினார். முதுமையிலும் ஒரு தாய் புதிது கற்க வல்லள் என்பதும், அவளுக்குக் கற்பிப்போர் அன்போடு கற்பித்தல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். சாதிச் சங்கத்தாராகிய நாம் இதனை இருமுறை எண்ணுதல் நன்று.

1922 மே 19-ஆம் நாள் அம்மையாரின் இறுதிநாள். காலை தொடங்கி இரவு எட்டு மணியளவும் மகன் ஒரு கையைத் தாயின் தலையிலும் மற்றொரு கையை மார்பிலும் வைத்தபடி அருகிருந்தார். பவழக்குன்றில் உடன்வர மறுத்த அதே மகன், இங்கு ஒரு கணமும் பிரிந்திலர். ஞானம் பெற்ற பெண்ணின் உடலையும் துறவியர் உடல்போல் அடக்கஞ் செய்தலே முறை என்பது அவர் கொள்கை. அவ்வாறே பாலி தீர்த்தத்தின் அருகே அடக்கஞ் செய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் மகரிஷிகள் மலையினின்று இறங்கித் தாயின் சமாதியருகே தங்கினார். ரமணாச்சிரமம் எழுந்தது அவ்வாறே. நாகசுந்தரம் நிரஞ்சனானந்தர் என்னும் துறவியாகி அதன் பொறுப்பை ஏற்றார்.

1939-இல் தொடங்கிய திருப்பணி முற்றி, 1949 மார்ச்சு 17-ஆம் நாள் மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. திருச்சிராப்பள்ளியில் இறைவன் தாயானமையால் தாயுமானவர் எனப் பெயர் பெற்றான். இங்கோ தாயே இறையாயினாள். அவர் மூட்டிய அடுப்பும் அவியவில்லை. இன்றும் அங்கு நாள்தோறும் துறவியர்க்கும் ஏழையர்க்கும் அன்னம் இடப்படுகின்றது.

நிற்க. நம் இல்லங்களில் மூலையில் அமர்ந்திருக்கும் முதிய தாயை நாம் எவ்வாறு எண்ணுகின்றோம்? காலங்கழிக்கும் சுமை என்றா? வீடிழந்து வந்த ஒரு முதியவரின் எஞ்சிய ஆறாண்டுகளே ஒரு பெரும் நிலையத்திற்கு வித்தாயின. ஆதலின் அன்பர்களே! இன்று வீடு திரும்பியதும் உங்கள் பாட்டியின் அருகில் அமருங்கள். அவர் தாயின் பெயர் யாது, பிறந்த ஊர் யாது, பட்ட துன்பம் யாது எனக் கேளுங்கள். கேட்டதைக் குடிவழி ஏட்டில் அவர் பெயரோடு எழுதுங்கள். சொல்லுதற்கு அவர் இருக்கும்போதே கேட்டல் வேண்டும். பின்னர் நாம் யாரிடம் கேட்போம்?