நீரிழிவும் சிறுநீரகமும்

வலியினால் தம் வரவை அறிவிக்கும் நோய்கள் பல. அறிவியாது புகுந்து அமர்ந்துகொள்ளும் நோய்களும் உள. நீரிழிவினால் சிறுநீரகத்துக்கு நேரும் கேடு இரண்டாம் வகையைச் சார்ந்தது. காலும் முகமும் வீங்கி, உணவு செல்லாது, மூச்சு வாங்கும் நிலையில் அது வெளிப்படும்போது, சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதுற்றிருக்கும்.

மலைநாட்டுத் தோட்டங்களிலே இவ்வுண்மை தனிக் கவனத்துக்குரியது. அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் சரிவேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி, உடம்பில் நோவில்லாத நாளில் வைத்தியசாலைக்குச் செல்ல எளிதில் இசையாள். சென்றால் அன்றைய பேர் போய்விடும். பேர் போனால் கூலியில்லை. நோவு தராத நோய்க்குச் சோதனை எதற்கு என்று அவள் கேட்பதும் இயல்பே.

அதற்கு விடை இதுவாகும். சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. தேநீர் வடியிலே தூள் தங்கிச் சாயம் மட்டும் இறங்குவதுபோல, அவை அல்புமின் என்னும் புரதத்தைக் குருதியில் நிறுத்திக் கழிவை மட்டும் வெளியேற்றுகின்றன. மிகுந்த சர்க்கரையும், பிரஷர் என மக்கள் வழங்கும் உயர் குருதியமுக்கமும் பல்லாண்டு தாக்கினால், வடி பழுதாகி அல்புமின் சிறுநீரிற் கசியும்.

சிறுநீரிற் காணும் அல்புமினுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் உள்ள தொடர்பை இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1827இல் விளக்கினார். சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுதிரிச் சுடரிற் காய்ச்சி, அது திரள்வதைக் காணும் அக்காலச் சோதனை முற்றிய நோயையே காட்டவல்லது. மிகச் சிறிய கசிவையும் அளக்கும் முறையை 1963இல் ஹாரி கீனும் அவருடன் பணியாற்றியவரும் வெளியிட்டனர்.

இன்று, சிறுநீரில் ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமிற் குறைந்தால் இயல்பு; 30 முதல் 300 வரை தொடக்கக் கசிவு; அதற்கு மேல் மிகுகசிவு எனக் கொள்ளப்படும். வழக்கமான சோதனைத் தாள் தொடக்கக் கசிவைத் தவறவிடலாம்; ஆகவே இவ்விகிதத்தையே கேட்டறிதல் நன்று. பெரியோர்க்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவுடையோர், நோய் அறியப்பட்ட நாள் முதல் ஆண்டுதோறும் இதனைச் செய்வித்தல் வேண்டும்.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கடும் உழைப்பு ஆகியனவும் அல்புமினைக் கூட்டும். எனவே, மலையேறி வேலை செய்வோர் காலையில் முதலிற் கழிக்கும் சிறுநீரைக் கொடுப்பது சாலச் சிறந்தது. மூன்று முதல் ஆறு மாதங்களுள் எடுத்த மூன்று சோதனைகளில் இரண்டு மிகுந்து காட்டினாலே கசிவு உறுதியாகும்.

உறுதியானாலும் அஞ்சவேண்டியதில்லை. சர்க்கரையையும் குருதியமுக்கத்தையும் அடக்குதல், உப்பைக் குறைத்தல், புகையை விடுதல், வைத்தியரைக் கேளாது நோவுக் குளிசைகளை விழுங்காதிருத்தல், சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளை அவர் சொற்படி தவறாது உட்கொள்ளல் ஆகியன கேட்டைத் தாமதிக்கச் செய்யும். தொடக்கக் கசிவு குறைவதும் உண்டு.

தோட்டத்து வைத்திய உத்தியோகத்தரும் நிருவாகமும் தொழிற்சங்கமும் இணங்கி, சோதனை நாளிற் பேர் போகாதபடி ஒழுங்கு செய்வாராயின், அது பெருந்தொண்டாகும். சிறுநீரகம் செயலிழந்தபின் வேண்டப்படும் இரத்தச் சுத்திகரிப்பு, பெரும்பாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாட்களைக் கொள்ளும். ஆண்டுக்கு ஒரு காலைப்பொழுது அதனினும் மிகச் சிறிய விலையன்றோ!